பருத்திப்பட்டில் ஓர் ‘உஷ்’

சிங்கப்பூரில் நான் பார்க்கிற வேலையை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: ‘உஷ்’. அங்கே ஒரு நாடக அரங்கத்தில் பார்வையாளர் கூடத்துக்குப் பொறுப்பு நான். விளக்கு அணைந்ததும் கதவோரம் நின்றுகொண்டு, கைப்பேசியை மினுக்குகிறவரை முறைக்க வேண்டும். மிட்டாய்த் தாளைப் பிரிக்கிறவரை அதைவிடப் பலமாக முறைக்க வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரரோடு வம்பளக்கிறவர் அருகில் பூனை மாதிரிப் போய் உதட்டில் விரல் வைக்க வேண்டும். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட அம்மாவின் விரல் உதட்டுக்குப் போகிறது என்று என் பிள்ளைகள் கேலி பேசுவார்கள். நானும் அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த விரலோடு நான் ஆவடிக்குப் போயிருக்கவே கூடாது.

எங்கள் மாதா கோயில் தமிழ்க் குழு ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து ஒரு நாடகத்தை வரவழைக்கும். இந்த முறை எல்லார் வாயிலும் ஒரே பெயர்தான்: ‘எட்டாம் நம்பர் வீடு’. பாட்டும் ஆட்டமுமாக ஓடுகிற மேடை நாடகம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மாதா கோயில் திருவிழா என்றால் இந்த நாடகம் இல்லாமல் கொடி இறங்காதாம். “நீதான் அரங்கத்துக்காரி. போய்ப் பார்த்துவிட்டு வா. நமக்குச் சரிப்படுமா என்று சொல்” என்று என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். தங்குவதற்கு ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டில் ஸ்டெல்லா அக்கா வீடு இருக்கிறது. என் பெரியம்மா மகள். அவளைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது என்பதால் நானும் சரி என்றேன்.

வியாழக்கிழமை காலை சென்னையில் வந்து இறங்கிப் பருத்திப்பட்டுக்குப் போகிற வழியில் வானகரத்தில் வண்டி நின்றுவிட்டது. பழுது ஒன்றுமில்லை, நெரிசல். பைபாஸ் பாலத்துக்கு அடியில் லாரி, பஸ், தண்ணீர் வண்டி, பள்ளிக்கூட வேன் எல்லாம் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நின்றன. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, சாவகாசமாகத் திரும்பி என்னை விசாரிக்க ஆரம்பித்தார்.

“இன்னாமா, எதுனா கல்யாணமா?”

நாடகம் பார்க்க வந்தேன் என்றேன். பெயரைச் சொன்னதும் மனிதர் முகம் மாறிவிட்டது.

“எட்டாம் நம்பரா! அந்த ரோஸி கீறாளே, அவள பாத்தாலே எனக்கு பத்திகினு வரும்மா. கூடப் பொறந்தவ மழையில நனைஞ்சிகினு வாசல்ல நிக்கிறா. இவ உள்ள தாப்பாளப் போட்டுகினு நிக்கிறா. மனுஷியா அவ?”

யாரோ பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். நாடகப் பாத்திரம் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதையையும் அவரே சொல்லி முடித்தார். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குப் பேச்சு வராது. மூத்தவள் ரோஸி கல்யாணம் கட்டாமல் உழைத்து வீட்டைக் காப்பாற்றுகிறாள். இளையவள் ஷீலா பிடித்தவனோடு போய்விடுகிறாள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மழையில் ஷீலா திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். ரோஸி திறக்க மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான் கதை. நடுவே பால்காரர் பக்கிரி என்று ஒரு சிரிப்புப் பாத்திரம்.

“எங்க ஊட்டு கதைம்மா அது. அப்டியே எங்க ஊட்டு கதை” என்றார்.

அடுத்த நாட்களில் இதே வாக்கியத்தைக் காய்கறிக்காரம்மா சொன்னார், மருந்துக்கடைக்காரர் சொன்னார், எதிர் அடுக்குமாடியில் குடியிருக்கிற மதுரைப் பையன், கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், அவனும் சொன்னான். இத்தனை பேர் வீட்டிலும் ஒரு கதவு சாத்திக் கிடந்தது என்றால் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஸ்டெல்லா அக்கா வீட்டிலும் அது சாத்தியே கிடந்தது. அது எனக்கு முன்பே தெரியும். அக்காவின் ஒரே மகள் நான்சி. கூட வேலை பார்த்த கார்த்திக் என்கிற பையனைக் கட்டிக்கொண்டாள். தங்கமான பையன், ஆனால் நம் கோயில்காரன் இல்லை. அவள் அப்பா சேவியர் அத்தான் அன்றைக்கு வாசலில் நின்று, “இனிமே இந்தப் படியை மிதிக்காதே” என்று சொல்லிவிட்டார். அவள் மிதிக்கவில்லை. வானகரத்தில்தான் குடியிருக்கிறாள். வண்டியில் வந்தால் வந்துவிடலாம். பிறந்த குழந்தைக்கு நடை வந்து, பேச்சும் வந்துவிட்டது. தாத்தா இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை.

அத்தான் கெட்டவர் இல்லை. தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. வார்த்தையை அளந்துதான் எடுப்பார், எடுத்த வார்த்தையைத் திரும்ப வைக்கத் தெரியாது. கூடத்துச் சுவரில் நான்சி சிறுமியாக முதன்முதலில் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படம் வெள்ளைக் கவுனோடு அப்படியே தொங்கியது. அதில் தூசி இல்லை. தினமும் துடைப்பவர் அத்தான்தான் என்று அக்கா சொன்னாள்.

சமையலறையில் வடகறி கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா கரண்டியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவ ஒரே பிடியா நிக்கிறா ரெஜி. அப்பா வாயால போன்னு சொன்னாரு, அப்பா வாயால வான்னு சொல்லட்டும், மறுநிமிஷம் வரேங்கறா. இவரு மனசு எப்பவோ இளகிடுச்சு. வாய்தான் வரல. இந்த வருஷம் வரும்னு நெனைக்கிறேன்.”

“எப்படிச் சொல்றே?” என்றேன்.

அக்கா சட்டென்று கரண்டியை எடுத்துக்கொண்டாள். “சொன்னா நடக்காது. நீ இட்லி சாப்பிடு.”

வெள்ளிக்கிழமை நாடகக் குழுவைப் பார்க்க மேனாம்பேட்டுக்குப் போனோம். ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். என் மடியில் யாருடைய முருங்கைக்காய்க் கட்டோ இருந்தது. சிங்கப்பூர் ரயிலில் யார் மேலாவது கை பட்டுவிட்டால் இரண்டு முறை மன்னிப்புக் கேட்போம். இங்கே ஓர் அம்மா என் தோளில் தலை வைத்துத் தூங்கியே விட்டார். நான் அசையவில்லை. இறங்க வேண்டிய இடம் போய்விட்டது, அக்கா கத்தினாள், ஓட்டுநர் “மின்னாடியே சொல்றதில்லியா?” என்று எங்களையே திட்டிவிட்டுத் திருப்பினார்.

ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. ரோஸியாக நடிக்கிறவள் பெயர் சகாயம். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனியில் வேலை. எலும்பும் தோலுமாக, எப்போதும் சிரிக்கிற முகம். இவளையா ஊரே கரித்துக் கொட்டுகிறது என்று கேட்டேன்.

“அத்த ஏன் கேக்கறீங்கக்கா! எங்க தெரு காய்காரம்மா எல்லாருக்கும் கறிவேப்பிலை சும்மா போடும். எனக்கு மட்டும் போடாது. ‘தங்கச்சிய உள்ள விடாதவளுக்கு கறிவேப்பிலை ஒரு கேடா’ங்கும். என் சொந்தத் தங்கச்சி என் ஊட்லதான் கீறா, என் சோத்ததான் துன்றா. சொன்னா நம்ப மாட்டேங்குது.”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கள் அரங்கத்தில் வில்லியாக நடிப்பவரோடு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இங்கே கறிவேப்பிலையை நிறுத்திவிடுகிறார்கள். எது பெரிய பாராட்டு என்று எனக்குத் தெரியவில்லை.

“நாளைக்குப் பாருங்கக்கா, நாளைக்கு விசேஷம். நம்ம சேவியர் சார்…” என்று சகாயம் ஆரம்பித்தாள். ஸ்டெல்லா அக்கா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். சகாயம் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அந்தக் கிள்ளு மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

சனிக்கிழமை மாலை பருத்திப்பட்டுக் கோயில் மைதானம். ஏரிப்பக்கமிருந்து காற்றும் வந்தது, கொசுவும் வந்தது. வெளிநாட்டு விருந்தாளி என்று எனக்குப் பொன்னாடை போர்த்தி முதல் வரிசையில், சோபாவில் உட்கார வைத்தார்கள். எனக்கு நேர் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அத்தானும் அக்காவும். அத்தான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நாடகத்துக்கு இத்தனை அலங்காரமா என்று நினைத்துக்கொண்டேன்.

நாடகம் தொடங்கியதும் என் அரங்கத்துக்காரி புத்தி விழித்துக்கொண்டது. ஐயோ, என்ன கூட்டம், என்ன சத்தம்! பக்கிரி பால் கேனோடு வந்ததும் விசில் பறந்தது. அவன் பாட்டை அவனுக்கு முன்னால் கூட்டம் பாடி முடித்தது. ஷீலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போகும்போது, “போவாதடி, பின்னாடி அழுவ” என்று ஓர் அம்மா எழுந்து நின்று அறிவுரை சொன்னார். ரோஸி வந்தாலே ‘ஊ’ என்று ஓர் ஊளை. அவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து தனியாகப் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. நான் சோபா நுனிக்கு நகர்ந்து கேட்டேன். பக்கத்தில் ஒருவர், “இத்தெல்லாம் நல்லாத்தான் பாடுவா” என்று முணுமுணுத்தார். இந்தக் காட்டுக் கூட்டத்துக்கு நடுவில் இவ்வளவு நல்ல நாடகம் வீணாகிறதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், காட்டுக் கூட்டம் என்றுதான் நினைத்தேன்.

கடைசிக் காட்சி வந்தது. மேடை நடுவே நிஜமான மரக்கதவு. இந்தப் பக்கம் ஷீலா மழையில் நனைந்துகொண்டு பாடுகிறாள். அந்தப் பக்கம் ரோஸி தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கிறாள். பாட்டு முடிந்தது. மேளம் நின்றது. கீபோர்டுக்காரர் ஒரே ஒரு சுரத்தை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மைதானம் முழுக்கச் சட்டென்று அடங்கிவிட்டது. குழந்தை அழும் சத்தம்கூட இல்லை. அப்பாடா, கடைசியிலாவது நாடகம் பார்க்கத் தெரிந்ததே என்று நான் குளிர்ந்துபோனேன்.

அப்போது என் பின்னால் நாற்காலி நகர்ந்தது. யாரோ எழுந்து தொண்டையைச் செருமினார். “கதவ…” என்று ஒரு குரல் ஆரம்பித்தது.

இத்தனை வருடப் பயிற்சி. நான் யோசிக்கவே இல்லை. திரும்பினேன், விரல் உதட்டுக்குப் போனது, “உஷ்!” என்றேன். கூர்மையாக, எங்கள் அரங்கத்தில் கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி.

திரும்பின பிறகுதான் ஆளைப் பார்த்தேன். சேவியர் அத்தான். வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு கை பாதி தூக்கியபடி இருந்தது. அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு, போக்குவரத்துக் காவலருக்குக் கட்டுப்படுகிறவர் மாதிரி, மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நிமிடம் எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் பொய். திருப்தியாகத்தான் இருந்தது. பாவம், வயதானவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார், நல்ல வேளை, நான் பார்த்துக்கொண்டேன் என்று மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கீபோர்டு சுரம் நிற்கவில்லை. நீண்டுகொண்டே போனது. ரோஸி தாழ்ப்பாளில் வைத்த கையோடு அப்படியே நின்றாள். அவள் கண் எங்கள் வரிசைக்கு வந்து வந்து போனது. வசனத்தை மறந்துவிட்டாளோ என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. இருந்திருந்து, வெகு பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல் கிளம்பியது: “தொறம்மே கதவ! எம்மா நேரம் நிப்பா அந்தப் பொண்ணு!”

அவ்வளவுதான். மைதானமே எழுந்து நின்றது. “தொற! கதவத் தொற!” ஆண், பெண், பங்குச் சாமியார், சமோசா விற்கிறவர், எல்லாரும். ரோஸி கதவைத் திறந்தாள். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டார்கள். ஊரே அழுதது.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். மேடையைப் பார்க்கவில்லை. பின்பக்கம், டியூப்லைட் கம்பத்தடியில், ஓர் இளம்பெண் குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நான்சி.

பாதி ஒப்பனை கலைத்த முகத்தோடு சகாயம்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். முதன்முதலில் இந்த நாடகம் போட்டபோது அந்த இடத்தில் அவளுக்குப் பாட்டு மறந்துவிட்டதாம். கதவுக்குப் பின்னால் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கூட்டத்திலிருந்து ஒருவர் பொறுக்க முடியாமல், “தொறம்மா கதவ” என்று கத்த, எல்லாரும் சேர்ந்து கத்த, இவள் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கூட்டம் கூப்பிடாமல் கதவு திறக்காது. அதிலும் முதல் குரலை ஒருவருக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறவர், மனஸ்தாபத்தில் இருக்கிறவர், இப்படி யாருக்காவது. அவர் கூப்பிடும்வரை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது.

“சண்ட போட்டுகினு மூஞ்சிய திருப்பிகினு கீறவங்க எத்தினி பேரு, முதல் குரல் குடுத்துட்டு நேரா போய் கைய புட்சிகினு கீறாங்க தெரியுமாக்கா? சேவியர் சார ஸ்டெல்லாக்கா வருஷா வருஷம் கேக்கும். மாட்டேன்னுடுவாரு. இந்த வருஷம்தான் சரின்னாரு. நான்சிய பின்னாடி ஒக்கார வெச்சதும் நாங்கதான்.” சொல்லிவிட்டுச் சகாயம் என் முகத்தைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதுல்ல, விடுங்கக்கா” என்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது விழுங்கவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனோம். சோபாவில் நான் விட்டுவிட்டு வந்த பொன்னாடையை அத்தான் ஒழுங்காக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அக்கா எனக்குக் கொத்துப் பரோட்டா வாங்கி வைத்திருந்தாள். எனக்கு உயிர் அது. வாயில் வைத்தால் மண்ணாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்ததும் அத்தான் எதிரில் போய் நின்றேன். “அத்தான், எனக்கு வழக்கம் தெரியாது. பெரிய தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க” என்றேன்.

அவர் பதறிப்போய் எழுந்துவிட்டார். “சேச்சே, நீ சொன்னதுதாம்மா சரி. நாலு பேருக்கு நடுவுல எழுந்து நின்னு கத்தறது என்ன பழக்கம்? எனக்கே கூச்சமாத்தான் இருந்துச்சு. நீ தடுத்தது நல்லதாப் போச்சு.” பிறகு குரலை இறக்கி, “நமக்கு அதெல்லாம் வராதும்மா” என்றார்.

திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த மனிதர் எனக்கு நன்றி சொல்கிறார். எத்தனையோ வருடம் கட்டி இழுத்து நெஞ்சுக்கு மேலே கொண்டுவந்த குரலை நான் ஒரு விரலால் உள்ளே தள்ளிவிட்டேன், அவர் அதற்கு நன்றி சொல்கிறார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சமையலறையில் அக்கா நான்சியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் போனைப் பிடுங்கி, “நான்சி, உங்கப்பா கூப்பிடத்தான் எழுந்தார். நான்தான் பாவி, வாயை அடைச்சேன்” என்றேன்.

“பாத்தேன் சித்தி” என்றாள். “நீங்க ஒரு தடவைதான உஷ்னு சொன்னீங்க. அப்பாவுக்குக் கூப்பிடணும்னு இருந்தா ரெண்டாவது தடவை கூப்பிட்டிருக்கலாமே? ஒக்காந்துட்டாரு சித்தி.” அன்று பிற்பகலில் நாடகம் வானகரத்தில், அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில். வருவாயா என்று கேட்டேன். “நான் வருவேன். என் ஊர் கோயில்” என்றாள்.

அத்தானை நாடகத்துக்கு இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தோம். போதும் என்றார். மத்தியானம் மட்டன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தன் சாவியைக் கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே மறந்துவிட்டுப் போனார். அக்காவுக்கு வானகரத்தில் தேநீர் பார்த்துக்கொள்கிற பொறுப்பு. “நீ அப்புறமா பூட்டிட்டு வா, சாவி உன் பையிலேயே இருக்கட்டும்” என்று தன் சாவியைக் கொடுத்துவிட்டு அவளும் முன்னால் போய்விட்டாள்.

நான் தனியாகக் கிளம்பினேன். பூந்தமல்லியில் பஸ் மாறி, இறங்குகிற இடத்தில் தப்பாக இறங்கி, பைபாஸுக்கு அந்தப் பக்கம் கோயில் கோபுரம் தெரிய, இந்தப் பக்கம் நான் நின்றேன். கடக்க வழியே இல்லை. ஓர் இளநீர்க்காரரிடம் கேட்டேன். “நாடகத்துக்கா? பாலத்துக்கு அடியால பூந்து போங்க. சீக்கிரம் போங்கமா, கதவ தொறந்துடப் போறாங்க” என்றார். வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நான் போய்ச் சேர்ந்தபோது பக்கிரி ஆடிக்கொண்டிருந்தான். முதல் வரிசைக்குக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. பின்னால், தரையில், பாயில் உட்கார்ந்தேன். இரண்டு பாய் தள்ளி நான்சி இருந்தாள். குழந்தை மடியில் தூங்கியது.

அன்றைக்கு முதல் குரல் ஒரு பஸ் கண்டக்டருக்கு. அண்ணனோடு பேச்சில்லையாம். சுரம் நீண்டது, மைதானம் அடங்கியது. அவர் எழுந்து, “தொறம்மா கதவ” என்று சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டார். ஊர் சேர்ந்துகொண்டது. நானும் கத்தினேன். கத்திப் பழக்கமில்லாத தொண்டை, கீச்சென்று வந்தது. பக்கத்திலிருந்த பெண்பிள்ளை சிரித்தாள். நான் நிறுத்தவில்லை. நான்சி கத்தவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

முடிந்து, கூட்டத்தோடு வெளியே வந்தோம். பொழுது இன்னும் இறங்கவில்லை. கோயில் கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டர் பக்கத்தில், கையில் ஹெல்மெட்டோடு அத்தான் நின்றார். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. நாடகம் ஆரம்பித்ததிலிருந்தே அங்கேதான் நிற்கிறார் என்று வேர்க்கடலைக்காரர் சொன்னார். உள்ளே மட்டும் வரவில்லை.

நான்சி கேட்டுக்கு உட்புறம் அப்படியே நின்றுவிட்டாள். அவர் வெளியே, அவள் உள்ளே. பருத்திப்பட்டிலிருந்து வேனில் வந்திருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். ஒருவர் கையை ஒருவர் இழுத்து நிறுத்தினார்கள். கூட்டம் முழுவதும் நின்றது. சகாயம் ரோஸி வேஷத்தோடே ஓடி வந்து நின்றாள். யாரும் யாரையும் ‘உஷ்’ என்று சொல்லவில்லை. முதல் குரல் யாருடையது என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

அத்தான் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு அவர் கண் கூட்டத்தில் தேடியது. என்னைப் பார்த்து நின்றது. பேசலாமா என்று கேட்கிற பார்வை அது. தான் பெற்ற மகளைக் கூப்பிட என்னிடம் அனுமதி கேட்கிறார் அந்த மனிதர். என் வாழ்நாளில் அந்த அளவுக்கு நான் கூனிக் குறுகியதில்லை. அவரைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

“நான்சி” என்றார். அடுத்தது வர நேரமாயிற்று. “பாப்பாவத் தூக்கிட்டு வாம்மா. வீட்டுக்குப் போலாம்.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் முதல் குரல் வந்துவிட்டதே. “ஏறும்மா! ஏறு ஏறு!” என்று கூட்டம் வெடித்தது. “போடி போ, நின்னுகினு கீறா பாரு!” என்று சகாயம் நான்சியின் முதுகில் ஓர் அடி வைத்தாள். குழந்தை விழித்துக்கொண்டு, தாத்தாவின் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தது. மூன்று பேரும் ஸ்கூட்டரில் போவதை ஸ்டெல்லா அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். கார்த்திக்குக்கு அன்று வேலை, போன் பண்ணி, வேலை முடிந்ததும் நேரே பருத்திப்பட்டுக்கு வரச் சொன்னாள்.

நாங்கள் இருவரும் பஸ்ஸும் ஆட்டோவுமாக வந்து சேரும்போது தெருவில் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. தெருமுனையில் இறங்கும்போதுதான் எனக்குப் பையில் கனத்தது எது என்று உறைத்தது. சாவி.

வீடு பூட்டிக் கிடந்தது. வாசல்படியில் அத்தான், நான்சி, நடுவில் குழந்தை. மூன்று பேரும் நெரிசலான பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிர் அடுக்குமாடியில் ஆள் ஆளாக மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னுடைய ‘உஷ்’ அந்தத் தெருவுக்குள் எனக்கு முன்பே வந்து குடியேறியிருந்தது. எல்லார் கண்ணும் என் மேல்தான்.

அத்தான் எழுந்து நின்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நேற்று என்னிடம் பறிகொடுத்த குரலை அப்படியே முழுசாக எடுத்தார்.

“ரெஜினா! கதவத் தொறம்மா!”

மாடியிலிருந்து மதுரைப் பையன் பிடித்துக்கொண்டான், பக்கத்து வீடு பிடித்துக்கொண்டது, தெருவே பிடித்துக்கொண்டது. “தொற! கதவத் தொற!” நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். முந்தின ராத்திரியிலிருந்தே அந்த வீட்டு ரோஸி யார் என்று தெருவுக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. பையைக் கவிழ்த்துச் சாவியை எடுத்தேன். அது பூட்டுக்குள் போகவே மாட்டேன் என்றது. தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தேன். கண்ணும் தெரியவில்லை.

நான்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “மெதுவா தொறங்க சித்தி. நாங்க எங்கயும் போயிட மாட்டோம்” என்றாள்.

அத்தான் அதைக் கேட்கவில்லை. தெருவோடு சேர்ந்து இன்னொரு தடவை கத்தினார்.